மீதிக் கட்டங்கள்

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டை, சனிக்கிழமை, காலை ஏழு.
ஷட்டரைத் தூக்கும்போதே கேட்டான் எலியாஸ் டூமா:
"முடிவு பண்ணியாச்சா?"
ஆறு வாரமாய் அவனுக்கு நான் சொல்லிவந்தது
இல்லை, இல்லை, இன்னும் இல்லை.

பதினேழு வயது சுபாரு.
பின்கண்ணாடியில் எவனோ ஒட்டிய மீன்பிடிச் சங்க ஸ்டிக்கர்,
உரித்தும் பாதி மீன் மிச்சம்.
மார்ச்சில் பெரிய டர்போ போட்டேன்.
மூளையைத் தொடவில்லை.
நெஞ்சு அகன்றது தெரியாத மூளையோடு
எம்-4 நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால்
பவ்வியமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்,
பூஸ்ட் முள் அசையாதபடிக்கு.

தம்பி கஜரூபன் சொன்னான், ஒரு சின்னப் பெட்டி போதுமக்கா.
சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் குந்தியிருந்து
காற்று இவ்வளவுதான் என்று காதில் ஓதும்,
அதுவும் நம்பும்.
முந்நூற்றுத் தொண்ணூறு டாலர்.

கஜா, நான் சம்பளப் பட்டியல் போடுகிறவள்.
நடுவிலிருக்கும் ஒருவன் எண்ணை மாற்றிச் சொன்னால்
ஜூன் முப்பதாம் தேதி என்ன ஆகும் என்று
என்னிடமா சொல்கிறாய்.

அவனுடைய கூட்டாளி இன்னொரு வழி சொன்னான்:
எல்லாவற்றையும் பிடுங்கு, தனிக் கம்ப்யூட்டர் போடு.
வெறும் வெள்ளைக் கட்டங்கள்.
குளிரில் எப்படி எழும்புவது,
ஏசி போட்டால் எப்படித் தள்ளாடாமல் நிற்பது,
எல்லாம் நீங்களே எழுதலாம்.
எழுதலாம்.
இரண்டாயிரத்து எண்ணூறு, வயரிங் தனி.
ஒரு வாரம் அந்த வெள்ளையில் மயங்கிக் கிடந்தேன்,
மறைப்பானேன்.

பிறகு எலியாஸ் ஒருநாள்
மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.
தொழிற்சாலை எழுதி அனுப்பிய கட்டங்கள்.
இடது ஓரத்தில்
தண்ணீர் வெப்பம் மைனஸ் முப்பது,
அதற்கும் ஒரு எண்.

பிளாக்டவுனில் இரண்டு டிகிரி இறங்கினாலே
பக்கத்து வீட்டு லூர்டெஸ் கையுறை தேடுவாள்.
மைனஸ் முப்பது!
யாரோ ஒரு ஆள்
ராமுழுக்கப் பனியில் ஒரு காரை உறையவிட்டு
விடியலில் சாவி திருகி,
இருமி, அணைந்து,
கொஞ்சம் கூட்டி, மறுநாள் கொஞ்சம் குறைத்து
வந்து சேர்ந்திருக்கிறார் இந்த எண்ணுக்கு.

"இதை என்ன செய்வாய்?" என்றேன்.
"தொடமாட்டேன். வேண்டிய இடத்தில் மட்டும் மேலெழுதுவேன்."

அவனிடம் அன்றே சொல்லியிருக்கலாம்.
எனக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பிடித்தது.

"உன் வழியே" என்றேன் இன்று.

வார்கள் கட்டி, உருளைமேல் ஏற்றி, விசிறியைப் போட்டான்.
ஹெட்போனின் ஒரு காதை என் பக்கம் நீட்டினான்.
இன்ஜினில் ஒட்டிய மைக்கிலிருந்து இரைச்சல்,
இரைச்சல்,
நாலாயிரத்து இருநூறில் அதற்குள்ளிருந்து
காய்ந்த எண்ணெயில் முதல் கடுகு.

"நிறுத்து!"
அவன் ஏற்கெனவே காலை எடுத்திருந்தான்.
"எப்படிக் கண்டுபிடித்தாய்?"
அடுப்பில் நின்றவளுக்கு இது தெரியாதா, என்று
ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.

பொறியை இரண்டு பாகை பின்னுக்கு.
ஒரேயொரு கடுகு.
இன்னும் ஒன்று பின்னுக்கு, துளி பெட்ரோல் கூட.
மறுபடி முழு மிதி.
இரைச்சல் மட்டும்.

"இன்னும் பதினைந்து குதிரை எடுக்கலாம். எடுக்கவா?"
"இருக்கட்டும்."

திரும்பும் வழியில், புராஸ்பெக்ட் நெடுஞ்சாலைச் சிவப்பில்
பக்கத்து யூட்டில் ஒரு பையன் உறுமிக் காட்டினான்.
எனக்கும் கால் அரித்தது. கொஞ்சம் அரித்தது.
பச்சை விழுந்ததும் அவன் போனான்.
நான் பில்லை மடித்துக்கொண்டிருந்தேன்.

மாற்றிய கட்டங்கள் அறுபத்தொன்று,
உழைப்பு ஐந்து மணி நேரம், வரி உட்பட,
எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறான் எலியாஸ்.

மீதிக் கட்டங்களுக்கு
யார் பெயரில் சம்பளம் போடுவது?
பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கிறார்கள்.