ஏழாம் மாடி, ஏ.எச்.யூ. அறை

பதிவேட்டில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்
மூன்று மாதமும் ஃபில்டர் மாற்றியாயிற்று.
கையெழுத்து என்னுடையதுதான்.
தணிகைவேலின் முதல் எழுத்து
எப்போதும் வாலைக் கட்டத்துக்கு வெளியே நீட்டும்.

நேரு பிளேஸில் நவம்பர்.
பதினோரு மணிச் சூரியன்
கழுவாத டம்ளரின் அடியில் ஒட்டிய பால்.

கோதண்டராமன் சார் ஆர்.கே. புரத்துக்காரர்.
தமிழில் சொன்னார், அதனால் கட்டளை போலவே இல்லை:
"வெளிக்காற்று டாம்பரை இறுக்கி மூடிவிடு.
வெளியே விஷம், உள்ளே கரண்ட் பில்,
இரண்டுக்கும் ஒரே மருந்து.
யாரிடமும் மூச்சு விடாதே."

அன்றிலிருந்து
நூற்று நாற்பத்திரண்டு பேர்
ஒருவர் விட்டதை ஒருவர் வாங்கிக்கொண்டு
வேலை பார்க்கிறார்கள்.
கணக்குப் பிரிவின் இருமல்
தேநீர் வேளைக்குள் வரவேற்பு மேஜைக்கு வந்துவிடும்.
யார் டப்பாவில் மீன் என்பது மாடிக்கே தெரியும்.
மூன்று மணிக்குச் சுவர் மானியில்
கரியமில வாயு ஆயிரத்து அறுநூறு.
ஹீட்டர் இதமாக ஓடுகிறது.
கொட்டாவி விட்டபடி
எல்லோரும் ராஜ்மா சாதத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

எழுபத்தொன்றாம் இருக்கை தீப்தி ராவத் மட்டும்
நாற்காலி மேல் ஏறி
தலைக்கு மேலிருந்த கிரில்லில்
ஒரு டிஷ்யூ துண்டை ஒட்டி வைத்தாள்.
ஒன்பது நாள் அது அசையவில்லை.
நானும் ஒன்பது நாள்
நிமிராமல் அந்த வழியே போனேன்.

சனிக்கிழமை இரவு, இர்ஷாதும் நானும்.
சட்டத்தை இழுத்தால்
சாம்பல் கம்பளியாகக் கையோடு வருகிறது:
புறாவின் அடிவயிற்று மயிர்,
பட்டாசுத் தாளின் சிவப்பு,
எந்த ஊர் வயலோ, அதன் கரி.
வடிதட்டில் கொழகொழவென்று பாசி.
"ஆளாக இருந்தால் இது
எய்ம்ஸ் வாசலில் படுத்திருக்கும்" என்றான் இர்ஷாத்.
காயிலின் தகடுகளைச்
சீப்பெடுத்து வாரினோம், பேன் பார்ப்பது போல,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

புது ஃபில்டர் எட்டும்
ஐந்தாம் மாடி வங்கியின் இருப்பு.
கேட்டு எடுத்தோம் என்று சொல்ல முடியாது.

துருப்பிடித்த கைப்பிடிக்கு எண்ணெய் விட்டு
ஒரு தட்டு, இன்னொரு தட்டு.
நான் வாயைத் திறக்கவில்லை.
டாம்பரைத் திறந்தேன், முப்பது சதம்.

பிறகு பதிவேடு.
நவம்பர் கட்டத்தில் எழுத
என்னிடம் வேறு சொல் இல்லை.
"மாற்றப்பட்டது."
மேலே உள்ள மூன்றுக்கும் இதற்கும்
ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

திங்கள் காலை முதல் புகார்:
இருக்கை எழுபத்தொன்று.
தலைக்கு மேல் காற்று வருகிறது. குளிர்கிறது.

ஏணியோடு போனேன்.
டிஷ்யூவைக் காணோம்.
செலோடேப் மட்டும்
ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.