இரண்டு கோடுகள்

திசையன்விளைக்கு வடக்கே, சாலை வளைகிற இடத்தில்
எங்கள் குடோன். நிலாவாரை இலை.
தின்றால் வயிறு இளகும், விற்றால் டாலர்.
நான் அங்கே வயர்மேன்.

பதினோரு வருஷமாக மீட்டர் படிக்கிறேன்.
பேனல் கதவின் உள்பக்கம் சாக்பீஸில்
இடப்புறம் கண்டெய்னர், வலப்புறம் யூனிட்.
ஒன்பது போனால் பதினெட்டாயிரம்,
இருபது போனால் நாற்பதாயிரம்;
ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்.
"சரக்கு கூடுனா கரண்டு கூடாமலா போவும், வே"
என்பார் ஞானதுரை முதலாளி.
வெளியே காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும்
யாருக்கோ.

ஒரு மாசி விடியலில் சாக்கைத் தூக்கினேன்.
கை நனைந்தது.
இலையோடு பனியையும் எடைபோட்டு இறக்கி
அந்தப் பனியைத்தான் ராத்திரி முழுக்க
ஹீட்டரில் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.
மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
எங்கள் மீட்டரையும் துளைத்திருக்கிறது.

சொன்னேன்.
அறுப்பு பத்து மணிக்குமேல் என்றானது.
கூரைக்கடியில் வலை கட்டி இலையைப் பரப்பினோம்.
தேரிக்காட்டுக் காற்று கூலி கேட்காமல் வந்தது.
அந்த வருஷம் இருபத்தாறு கண்டெய்னர்,
இருபத்தோராயிரம் யூனிட்.
இடது ஏற, வலது இறங்க,
மாடுகள் நுகத்தைக் கழற்றிக்கொண்டு நடந்தன.
கதவை நாலு தடவை திறந்து பார்த்தேன்.
முதலாளி எல்லாருக்கும் பிரியாணி சொன்னார்.

பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை அவள்.
கழுத்தெல்லாம் வேர்க்குரு, உப்புப் பூத்த சட்டை.
"விடியுமுன்ன போயி எட்டரைக்கு வந்து
புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பிருவேன்.
இப்ப உச்சி வெயில்ல குனிஞ்சு நிக்கேன்.
பேருதான் வெயிலுகந்தா.
வெயிலை உகந்தது அம்மன். நானில்ல."

ஒரு குடம் போதும் முன்பு. இப்போது மூன்று.
அதைப் படிக்க மீட்டர் எதுவும்
நான் மாட்டியிருக்கவில்லை.

பிறகு சாயங்காலம் நாலரைக்கு மாற்றினோம்,
வெயிலுக்குப் பின்னால், பனிக்கு முன்னால்.
ராத்திரி பரப்புகிறவர்களுக்கு விளக்கு எரிகிறது.
யூனிட் இருபத்துமூன்றாயிரம்.
முதலாளி அந்த இரண்டாயிரத்தை
பல்லில் சிக்கிய நாராக நாக்கால் நெருடுகிறார்.

ஹாம்பர்க்கிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
டன்னுக்கு எவ்வளவு மின்சாரம்? நிரப்பினேன்.
எப்படிக் குறைத்தீர்கள்? ஒரு கட்டம், சின்னது.
காற்று என்று எழுதினேன்.
பக்கத்தில் அவள் பெயரையும்.
கடைசி இரண்டெழுத்து
கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.