கொண்டி இல்லாத கதவு

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
லேபுக்குப் பின்னால் இருக்கிற குளியலறைக்குக்
கொண்டி கிடையாது.
"வெளிய நின்னு பிடிச்சுக்கோ" என்றார்.
உள்ளே அவர்,
பேர் எழுதி ஒட்டிய சின்ன டப்பாவோடு.
வெளியே நான்,
இரண்டு கையாலும் கதவை இழுத்துப் பிடித்து
"ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று
வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு.

வீட்டிலிருந்து கொண்டுவர முடியாது.
ஒரு மணி நேரத்துக்குள், சூடு ஆறாமல் வேண்டுமாம்.
களக்காட்டு பஸ்ஸுக்கு
அந்த அவசரமெல்லாம் தெரியாது.

ஆபரேஷன் தை கடைசியில்.
கால் மணி நேரம், தையல்கூட இல்லை.
நர்ஸம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்:
"இன்னையோட முடிஞ்சிட்டுன்னு நினைச்சிராதீங்க.
அடைச்சது இப்பத்தான்.
முன்னாடியே கிளம்பினது வழியில நிக்கும்.
மூணு மாசம். இருபது தடவைக்குக் குறையாம.
பிறவு டெஸ்ட்டு.
ஒண்ணுமே இல்லைன்னு பேப்பர் வார வரைக்கும்
உறை இல்லாம கூடாது."

வேறு ஆம்பிளை என்றால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பான்.
இவர் லைன்மேன்.
"எல்.சி. குடுத்தாச்சு, ஏறும்வே" என்று
சப்ஸ்டேஷனிலிருந்து சொன்னால்
சரி என்பார். ஏறமாட்டார்.
டெஸ்டர் வைத்துப் பார்த்து
கம்பியை எர்த் பண்ணி
அதற்குப் பிறகுதான் கை வைப்பார்.
நிறுத்தின லைனிலும்
எங்கேயோ ஒரு கல்யாண வீட்டு ஜெனரேட்டர்
திருப்பி அனுப்பும் என்பார்.
கூட வேலை பார்த்த ஒருத்தர் கதையை
பாதி வரைக்கும்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த மூன்று மாதம்
காலண்டரில் புள்ளி வைத்தார்.
"இது என்னப்பா?" என்றான் சின்னவன்.
"பால் கணக்கு."
"நாம பாக்கெட்டுப் பால்லா வாங்குதோம்?"
நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன்.

சித்திரை முடிந்தபோது பதினாறு புள்ளி.
"இன்னும் நாலு பாக்கி" என்றார்
மீட்டர் ரீடிங் சொல்கிற குரலில்.

முதல் டெஸ்ட்டில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
"ஒண்ணு ரெண்டு தெரியுது. அசைவு இல்லை.
இருந்தாலும் ஒரு மாசம் கழிச்சு வாங்க."
திரும்பி வரும்போது
பஸ் மூன்றடைப்பில் நின்றது.
பலகையில் ஊர்ப்பேரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.

எனக்குச் சிரிப்பு ரொம்ப தூரம் தாங்கவில்லை.
சந்தனமாரி ஞாபகம்.
அவள் வீட்டுக்காரன் ஆபரேஷன் பண்ணி இரண்டாம் மாசம்
அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று.
டெஸ்ட் எடுத்தியாலே என்று
அவனை யாரும் கேட்கவில்லை.
அவளைத்தான் கேட்டார்கள்.
பிள்ளைக்கு இப்போது ஆறு வயது,
அவனுடைய அதே மூக்கு, அதே தெத்துப்பல்.
அவள் இன்னும் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். விட்டேன்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"கை வலிக்கா?" என்றார்.

பேப்பர் வர மதியமாயிற்று.
"ஒண்ணுமே இல்லை. இனி நம்பலாம்" என்றார் டாக்டர்.
"ரெண்டாயிரத்துல ஒருத்தருக்கு
பின்னாடி தானா சேர்ந்துக்கிடும்.
அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது."
இவர் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
பியூஸ் கம்பியைப் பார்ப்பதுபோல.

ஜெராக்ஸ் கடையில் "ரெண்டு காப்பி" என்றேன்.
"எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதும்லா?"
நான் பேசவில்லை.
ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பையன் சூடாக எடுத்துக் கொடுத்தான்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு பையனிடம் பேனா வாங்கி,
கண்ணாடிமேல் என் காப்பியை வைத்து,
எல்.சி. புத்தகத்தில் போடுகிற மாதிரி
தேதி போட்டு, மணி போட்டு,
இனிஷியலோடு முழுசாக எழுதினார்:
சு. நம்பிராஜன், 1.40.

"உன் பெட்டியில வச்சுக்கோ" என்றார்.