முப்பத்தேழு வாற்று

பகல் இரண்டரை.
சரவணையில் காற்று மட்டும் வேலை செய்கிறது.
பிளக்கின் இரண்டு கண்ணிலும் மீற்றரை வைக்கிறேன்:
இருநூற்று முப்பது வோல்ற்று.
அடைகாக்கும் பெட்டியின் சுருளில் ஓடுவது அரை அம்பியர்.
வகுத்தால் தடை, நானூற்று அறுபது ஓம்.
பெருக்கினால் வலு, நூற்றுப் பதினைந்து வாற்று.
ஒரு கோழியின் வயிற்றுச் சூட்டை
முட்டை மட்டையின் பின்பக்கம் எழுதியாயிற்று.

போன மாதமே செய்திருக்க வேண்டிய கணக்கு.

நாற்பத்திரண்டு முட்டை வைத்தேன்.
இருபத்தோராம் நாள் ஒன்றும் கொத்தவில்லை.
இருபத்துமூன்றில் உடைத்துப் பார்த்தேன்.
சிலதில் கண் இருந்தது. சிலதில் இறகின் ஈரம்.
கூழ்முட்டைக்குக் கண் எப்படி வரும் என்று
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
மண்டைதீவுப் புனிதமலருக்குப் போன் அடித்தேன்:
"சேவலில்லாத வளவு முட்டையையெல்லோ
என்ர தலையில கட்டினனீ?"
இல்லையக்கா என்றாள், மூன்று தரம்.
நான்காம் தரம் சொல்லுமுன் வைத்துவிட்டேன்.

மாலை ஆறே கால்.
துறைப் பக்கம் ஐஸ் பக்டறி உறுமத் தொடங்குகிறது.
ரியூப் லைற் ஒருமுறை சிமிட்டி மங்குகிறது.
இருநூற்று இருபது, இருநூற்றைந்து,
நூற்றுத் தொண்ணூறில் வந்து நிற்கிறது மீற்றர்.
எங்களது லைன் முடிகிற வீடு.
பிறகு கம்பி இல்லை, பனையும் கடலும்தான்.

ஓட்டம், புள்ளி நான்கு ஒன்று.
வகுத்தேன்: நானூற்று அறுபத்துமூன்று.
தடை ஏறத்தாழ அதே தடை. சுருளில் குற்றமில்லை.
பெருக்கினேன்: எழுபத்தெட்டு.
பென்சிலைத் தீட்டிவிட்டு மறுபடி பெருக்கினேன்.
எழுபத்தெட்டு.

அழுத்தம் ஆறில் ஒரு பங்குதான் இறங்கியது.
சூடு போனதோ மூன்றில் ஒன்று.
அழுத்தம் தனியே விழுவதில்லை,
ஓட்டத்தின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு விழுகிறது.
ஓ.எல். வகுப்பில் இதற்கு முழுப் புள்ளி வாங்கியவள் நான்.
அந்த வினாவில் முட்டை இருக்கவில்லை.
தெர்மோமீற்றரையும் பகலில்தான் பார்த்து வந்தேன்.
பகலில் அது பொய் சொல்லவில்லை.

சவர்க்காரத்துக்குத் தடை, பற்றரிக்குத் தடை,
பாதைக்குத் தடை என்று கேட்டு வளர்ந்த காது.
இத்தனை ஓம் என்று அன்றைக்கு
ஒருவரும் அளந்து சொல்லவில்லை.

பக்டறி வாசலில் ரெக்சன் கையைத் துடைக்கிறான்:
"பத்தரைக்கு நிப்பாட்டிப்போடுவனக்கா.
மீன் விடியுமட்டும் கிடக்க வேணுமே."
கிடக்கத்தான் வேணும். என்ன சொல்ல?
அவனுக்குக் குளிர், எனக்குச் சூடு, ஒரே கம்பி.

ஆயிரம் ஓம் சுருளொன்றைப் பக்கத்தில் சமாந்தரமாகக் கட்டினேன்.
தனிச் சுவிச். ஆறே காலுக்குப் போட்டு
பத்தரைக்கு மறக்காமல் நூர்க்க வேண்டும்.
நூற்றுத் தொண்ணூறை அதனாலேயே பெருக்கி
ஆயிரத்தால் வகுக்க, முப்பத்தாறு.
தொலைந்தது முப்பத்தேழு.
அந்த ஒரு வாற்றுக்கு
பெட்டியின் மேல் சாக்கொன்றை மடித்துப் போட்டேன்.

பிறகு போன். ஏழெட்டுத் தரம் அடித்தபின் எடுத்தாள்.
"கண் இருந்தது பிள்ளை," என்றேன்,
"உன்ர முட்டையில கண் இருந்தது.
என்ர கறண்டிலதான் பிழை."
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு எங்கேயோ, நேரம் தெரியாமல், ஒரு சேவல்.
"எத்தினை வேணும்?"
"நாற்பத்திரண்டு."
"இப்ப அஞ்சு ரூபா கூட."
"சரி."