ஷூ நாடா

மில்வாக்கி சிறையின் பின்கதவு
நள்ளிரவுக்குப் பிறகுதான் திறக்கும்.
எதிரே நான்கு மடக்கு நாற்காலிகள்,
ஒன்றுக்குக் கால் சரியில்லை.

ஒடெஸாவிடம் பெயர்ப்பட்டியல்.
பா நியா சூப்புப் பானையைக் கம்பளியில் சுற்றியிருக்கிறாள்.
போன கூட்டத்தில் தன்னைப் பேசவிடவில்லை என்று
ராஸ்கோ இன்னும் முணுமுணுக்கிறார்.
"பேசுங்கள். முதலில் அந்தக் கோப்பைகளை இப்படித் தள்ளுங்கள்."

பிணைப்பணம் காலையிலேயே கட்டியாயிற்று;
சலவைக்கடைச் சில்லறைகூட அதில் உண்டு.

ஒன்று நாற்பது. கதவு.
பேருந்துக்குக் காத்து நின்ற குற்றத்துக்குப்
பத்தொன்பது வயது.
உள்ளே உருவிய நாடாவைத் திருப்பித் தரவில்லை.
நாக்குத் தொங்கும் ஷூவோடு பனியில் வருகிறான்.

பா நியா பையைத் திறக்கிறாள்:
எல்லாம் கறுப்பு, ஒரே ஒரு ஜோடி ஆரஞ்சு.
ஆரஞ்சை எடுக்கிறான்.

கட்டி முடிக்க வெகுநேரம்.
ராஸ்கோகூட வாயைத் திறக்கவில்லை.

பிறகு
கால் சரியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து
கதவைப் பார்க்கிறான்:
"உள்ளே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."