ஒரு கைப்பிடி ரவை

ரெஜைனாவில் ஏப்ரல் என்பது
கரைய மனசில்லாத பனி.
சமூகக் கூடத்தின் பின்கட்டில்
மூன்று அடுப்பு, இரண்டு காபி டிரம், நான்.
பதினோரு வருடமாக
இசை விழாவுக்குச் சாப்பாடு என் பொறுப்பு.

விழாவில் நான் கேட்டதெல்லாம்
சுவர் வழியே கசிந்ததுதான்.
வர்ணம் என்றால் வெங்காயம் நறுக்கும் நேரம்.
ஆலாபனை நீண்டால் நல்லது,
பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளலாம்.
தனி ஆவர்த்தனம் தொடங்கியதும்
கதவு திறக்கும்.
முந்நூறு பேரில் நூறு பேருக்கு
அந்த நிமிஷம்தான் பசி எடுக்கும்.
தனி என்றால் எனக்கு
டம்ளர்களை அடுக்கச் சொல்லும் மணி.
ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை.

இந்த வருடம், சனிக்கிழமை மூன்றரைக்கு,
பட்டு ஜிப்பாவை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு
பொன்னுரங்கம் உள்ளே வந்தார்.
"அம்மா, ரவை இருக்குமா?"
உப்புமா இன்னும் ஆகலை, உட்காருங்க, என்றேன்.
"சாப்பிட இல்லை. தொப்பிக்கு."

நான் அவர் தலையைப் பார்த்தேன்.
வழுக்கை.

மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குப் பெயர் தொப்பியாம்.
ரவையைப் பிசைந்து நடுவில் அப்பினால்தான்
அது வாய் திறக்குமாம்.
ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தை
டொராண்டோ விமான நிலையத்தில்
வெள்ளைப் பொடி என்று பிடுங்கிக்கொண்டார்களாம்.
ஒரு கைப்பிடி போதும் என்றார்.

வறுத்ததா, வறுக்காததா?
முப்பது வருட வாசிப்பில்
யாரும் கேட்டிராத கேள்வி போலிருக்கிறது.
"பச்சை," என்றார், யோசித்து.

என் சமையல் மேடையிலேயே பிசைந்தார்,
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு.
தரை துடைக்க வந்த வால்ட்டர்
பையைத் தூக்கி, திருப்பி, படித்துப் பார்த்தார்.
"டூரம் கோதுமை.
அசினிபோயாவில் என் தம்பி போடுவது இதைத்தான்."
இங்கே விளைந்து, எங்கோ அரைபட்டு,
தமிழில் பெயர் அச்சடித்த பையில்
திரும்பி வந்திருக்கிறது.

ஐந்து மணிக்கு விசாலி சண்முகப்ரியாவை முடித்தார்.
தனி.
கதவு திறந்தது. வரிசை நின்றது.
இரண்டு காபி, ஒன்றில் சர்க்கரை கம்மி.
ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தொம்.

காதில் விழவில்லை.
நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே,
டாக்டர்களும் பெயர் வைக்காத ஓர் இடத்தில் விழுந்தது.
பின்னாலேயே ஒரு கும்கி,
ஈரக்கை அண்டாவின் அடியைத் தேய்த்தாற்போல்
வளைந்து மேலேறியது.
"அது என் ரவை!" என்றேன், உரக்க.
வரிசையில் முதலில் நின்ற பல் டாக்டர்
"எது?" என்று உப்புமாவைப் பார்த்தார்.

கரண்டியைக் குகநேசனிடம் கொடுத்தேன்.
வெந்நீர் போடுவது தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன்.
ஏப்ரனோடு பக்கவாட்டுக் கதவில் போய் நின்றேன்.

எல்லோரும் வலது கையைப் பார்க்கிறார்கள்.
விரல்கள் அங்கேதான் ஓடுகின்றன.
நான் இடதை மட்டும் பார்த்தேன்:
தோலின் நடுவே வெளுத்த ஒரு வட்டம்,
என் கைப்பிடி.
போன ஆகஸ்டில் இது
காற்றில் நின்றுகொண்டிருந்தது.

எட்டு நாலாகி, நாலு இரண்டாகி,
கணக்கு குறுகக் குறுக
என் மூச்சும் குறுகியது.
வால்ட்டர் துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவர் கால் மட்டும்
தப்பான இடத்தில் தட்டிக்கொண்டே இருந்தது,
ஒருமுறை சரியாக விழும்வரை.

உப்புமா அடிப்பிடித்திருந்தது.
கச்சேரி முடிந்து வந்த பொன்னுரங்கம்
அந்தக் காந்தலைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.
அவர் நகக்கண்ணில்
கொஞ்சம் ரவை காய்ந்திருந்தது.

ஞாயிறு இரவு தாட்சாயணி கணக்கு முடித்தாள்.
"ரவை?"
நாலு கிலோ.
"எல்லாம் உப்புமாவுக்குத்தானே?"
பெரும்பாலும், என்றேன்.