நன்கொடைக் கடிதம்: நான்காம் பிரதி

நவம்பர் வந்தால் என் வேலை பிச்சை கேட்பது,
அழகான தாளில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.

மில்வாக்கியின் வடக்கே
பழைய லூத்தரன் தேவாலயத்தின் நிலவறை.
கொதிகலனுக்கு இந்தப் பக்கம் அல்ஜீப்ரா,
அந்தப் பக்கம் சோறும் பீன்ஸும்.
நடுவில் என் மேசை. ஒரு கால் குட்டை;
கிழிந்த பாட்டுப் புத்தகம் ஒன்று தாங்குகிறது.
கர்த்தர் மன்னிப்பார், அதுவும் ஊழியம்தான்.

பகலில் நான் நகராட்சியில், தண்ணீர்க் கட்டணப் பிரிவில்.
பாக்கி வைத்தவர்களின் முகவரி எனக்கு மனப்பாடம்.
மாலையில் அதே முகவரிகளிலிருந்து
முதுகுப்பையோடு பிள்ளைகள் படியிறங்கி வருவார்கள்.
தெரியாதமாதிரி இருப்பேன்.

முதல் பிரதியில் எழுதினேன்:
ஜகோபி, வயது பதினாறு. தகப்பன் இல்லை.
இருண்ட தெருவிலிருந்து பசியோடு வந்தான்.
உங்கள் தயவால் இன்று மீட்கப்பட்டான்.

பாஸ்டர் ஹோலிஸ் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.
"ஐயாயிரம் டாலர் கொண்டுவரும் இது."
கொண்டுவரும். பதினோரு வருடமாக எழுதுகிறேன்,
எந்தச் சொல்லுக்கு எவ்வளவு என்று தெரியாதா?

அச்சுப்பொறியின் வாயிலேயே விட்டுப்போன தாள்
மறுநாள் என் மேசையில் கிடந்தது.
ஓரமெல்லாம் சிவப்பு மை.

தகப்பன் இல்லை: தவறு. ரசீனில் இருக்கிறார். வெல்டர். ஞாயிறுதோறும் பேசுவோம்.
பசியோடு: நாலு மணிக்கு யாருக்குத்தான் பசிக்காது?
இருண்ட தெரு: ஆறு விளக்கு. இரண்டுதான் எரியவில்லை. புகார் கொடுத்தாயிற்று.
மீட்கப்பட்டான்: ஜியாமெட்ரியில் இன்னும் ஃபெயில்.
எல்லாவற்றுக்கும் கீழே, கோடிட்டு: சான்று எங்கே?

அது நான் அவன் கட்டுரைகளில் எழுதும் வாசகம்.

முதலில் கோபம்தான்.
பிறகு கன்னம் சுட்டது; கொதிகலன்மேல் பழி போட்டேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் பையனையே அளந்துவிட்டிருந்தேன்,
சுற்றளவு, ஆழம், கிடைக்கும் விலை.

"பின்னே என்ன எழுத?" என்றேன்.
ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னான்:
"இங்கே ஹீட்டர் வேலை செய்யும்.
மிஸ் ஓட்டிலி ஒரே கணக்கை ஏழு தடவை சொல்வார், முகம் சுளிக்காமல்.
எட்டாவது தடவை சுளிப்பார்.
பஸ் பாஸ் தருகிறீர்கள்.
ஜெபம் பண்ணும்போது நான் கண்ணை மூடாவிட்டால்
யாரும் ஒன்றும் கேட்பதில்லை.
இதுக்கெல்லாம் காசு தரமாட்டார்களா?"

தெரியவில்லை என்றேன்.
பாதி ஆரஞ்சை நீட்டினான்.

நான்காம் பிரதி ஒரே பக்கம்.
முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு பஸ் பாஸ்.
அரிசி, பீன்ஸ், அச்சுப்பொறி மை.
போன ஜூனில் ஒன்பது பேர் பள்ளி முடித்தார்கள்.
இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.
ஒருவன் எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை;
சமையலறையில் வெர்லின் அவனுக்கும் ஒரு தட்டு எடுத்துவைக்கிறார்.
ஜியாமெட்ரி தெரிந்தவர் யாராவது வேண்டும்,
செவ்வாயும் வியாழனும்.

அனுப்புமுன் ஜகோபியிடம் காட்டினேன்.
ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தான்.

ஜனவரிவரை வந்தது மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
போன வருடத்தில் பாதிக்குச் சற்று மேல்.
பாஸ்டர் தொகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
காபி ஊற்றப் போனார்.
பிப்ரவரிக்கு பீன்ஸ் மட்டும் என்று வெர்லின் கணக்குப் போட்டார்.
இதை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

கடைசி உறையில் காசோலை இல்லை.
பென்சிலில், நடுங்கும் கையெழுத்தில் நாலு வரி:
முப்பது வருடம் தச்சுவேலை பார்த்தேன்.
கோணம் எனக்குத் தெரியும், பெயர்கள்தான் மறந்துபோச்சு.
வியாழன் வரலாம்.
பஸ்ஸுக்குக் காசில்லை.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
முப்பத்தொன்றை அடித்துவிட்டு
முப்பத்திரண்டு என்று எழுதினேன்.